மலை ரோட்டுக்கு டயர் சைஸ் மாத்தப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

ஐ20 என் லைன், போலோ ஜிடி, விர்ட்டஸ் ஜிடி மாதிரி கொஞ்சம் வேகமான வண்டி வச்சிருக்கிறவங்க குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க. முதல் செட் டயர் தேஞ்சதும் எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான், அதே சைஸையே போடுறதா இல்ல கொஞ்சம் அகலமா, ஒரு இன்ச் பெரிய அலாய் வீலோட போட்டுரலாமான்னு. டயர் கடையில கேட்டா கையில ஸ்டாக் இருக்கிற சைஸை சொல்வாங்க, ஃப்ரெண்டு கிட்ட கேட்டா அவன் வண்டியில இருக்கிற சைஸை சொல்வான். என்னைக் கேட்டா, மலையில ஓட்டுற வண்டிக்கு டயரோட மொத்த உயரம் மாறக்கூடாது, பக்கச் சுவரோட உயரம் ரொம்பக் குறையக்கூடாது, கையில கூடுதலா காசு இருந்தா அதை அகலத்துல போடாம நல்ல ரப்பர்ல போடணும். ஏன் அப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி டயர் மேல எழுதியிருக்கிற நம்பரைப் படிக்கத் தெரியணும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஐ20 என் லைன் டயர்ல 195/55 ஆர்16 னு போட்டிருக்கும். 195 ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. கவனிங்க, ரோட்டைத் தொடுற பட்டையோட அகலம் இது கிடையாது, இந்தப் பக்கச் சுவர்ல இருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் உள்ள அகலம். அடுத்து வர்ற 55 நிறைய பேரைக் குழப்புற நம்பர், அது மில்லிமீட்டர் இல்ல, சதவீதம். அதாவது பக்கச் சுவரோட உயரம் அகலத்துல 55 சதவீதம்னு அர்த்தம். ஆர் னா ரேடியல், இப்ப கார் டயர் எல்லாமே ரேடியல்தான். 16 ங்கிறது ரிம்மோட விட்டம், இன்ச்ல. ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூணும் கலந்து கிடக்கிறதாலதான் கால்குலேட்டர் இல்லாம யாருக்கும் பிடிபட மாட்டேங்குது.

கணக்கு என்னமோ அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். 195-ஐ 0.55 ஆல பெருக்கினா 107.25 மி.மீ, இது பக்கச் சுவர் உயரம். டயர்ல மேல ஒரு சுவர் கீழ ஒரு சுவர், ஆக ரெண்டால பெருக்கினா 214.5. ரிம் 16 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 25.4 மி.மீ, 406.4 ஆச்சு. ரெண்டையும் கூட்டினா 620.9 மி.மீ, கிட்டத்தட்ட 621. இதுதான் டயரோட மொத்த உயரம். இந்த 621 ஐ ஒரு சீட்டுல எழுதி வச்சுக்குங்க, இனிமே யார் எந்த சைஸ் சொன்னாலும் அதோட மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டு இதோட ஒப்பிட்டுப் பார்த்தா பாதி முடிவு அங்கேயே வந்துரும். உங்க வண்டி வேறன்னா உங்க நம்பரைப் போட்டுக்கோங்க. ஆரம்பத்துல வந்த போலோ ஜிடி-ல 185/60 ஆர்15, அதோட உயரம் 603 மி.மீ. விர்ட்டஸ் ஜிடி-ல 205/55 ஆர்16, அது 632.

பொதுவா டயர் தொழில்ல இருக்கிறவங்க சொல்ற எல்லை, மொத்த உயரம் 3 சதவீதத்துக்கு மேல மாறக்கூடாதுன்னு. என்னோட எல்லை மலைக்கு 2 சதவீதம்தான், அதைத் தாண்டிப் போறது நல்லதில்ல. காரணம் இருக்கு.

டயர் பெருசான உடனே ஒரு சுத்துக்கு வண்டி போற தூரம் அதிகமாகும். ஸ்பீடோமீட்டருக்கு டயர் மாறினது தெரியாது, அது சுத்தை மட்டும்தான் எண்ணும், அதனால டயர் 3 சதவீதம் பெருசா இருந்தா முன்ன விட 3 சதவீதம் கம்மியாத்தான் காட்டும், ஓடோமீட்டரும் அப்படியே. கம்பெனிக்காரங்க ஸ்பீடோமீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் வச்சிருப்பாங்க, அதனால இந்த அளவு வித்தியாசத்துல பெரிய ஆபத்து ஒண்ணும் வந்துராது. எனக்கு இதைவிட முக்கியமா படுறது கியர்தான். டயர் பெருசானா ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீளமாயிரும். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல அது தெரியாது. பர்லியார் தாண்டி ஏறும்போது, எட்டாவது பத்தாவது கொண்டை ஊசியில முன்னாடி ஒரு லாரி ஊர்ந்துகிட்டு இருக்க, நீங்க செகண்ட்ல கிட்டத்தட்ட நின்னுட்டு மறுபடி இழுக்கணும்னு வரும் பாருங்க, அப்ப தெரியும். மேல போகப் போக காத்தும் மெலிசாகுது, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டர்போ (காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு அங்க சுமார் அஞ்சுல ஒரு பங்கு சக்தி குறைஞ்சுரும். டர்போ வண்டி இதை ஓரளவு ஈடுகட்டும், ஆனா ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் கீழ் ஆர்பிஎம்-ல இன்னும் காத்து சேராத நேரத்துல சின்ன எஞ்சின்தானே, அந்த நேரத்துல கியரும் நீளமாயிருந்தா ஃபர்ஸ்டுக்குப் போக வேண்டியதாயிரும், கிளட்ச்சுதான் பாவம்.

இறங்கும்போது இன்னும் முக்கியம். எஞ்சின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் கியர் வழியா எஞ்சினே வண்டியைப் பிடிக்கிறது, ரோட்டுக்கு வர்றதும் அதே டயர் வழியாத்தான், ஆரம் கூடினா அதே எஞ்சின் இழுவை ரோட்டுல கம்மியாத்தான் பிடிக்கும், பிரேக் விஷயத்துலயும் அதே கதை, டிஸ்க் அதேதான் பேட் அதேதான் ஆனா டயர் ஆரம் கூடக் கூட ரோட்டுல கிடைக்கிற பிடி அந்த அளவுக்குக் குறையும், நீங்க பெடலை அந்த அளவுக்குக் கூடுதலா மிதிக்கணும். 3 சதவீதம்னா சின்னதாத் தோணும். ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா மசினகுடி இறங்குற ரோட்டுல 36 கொண்டை ஊசி, ஃபர்ஸ்ட் கியர் செகண்ட் கியர்ல இறங்குன்னு போர்டு வச்சுக் கெஞ்சுறாங்க, பிரேக் சூடாகி ஃபெயிலாகி எத்தனை வண்டி அங்க விழுந்திருக்குன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்த மாதிரி ரோட்டை வாசல்ல வச்சுக்கிட்டு அழகுக்காக பிரேக்கை 3 சதவீதம் விட்டுக்கொடுக்கிறது எனக்குச் சரியாப் படல.

இப்ப 621 மி.மீ சீட்டை எடுங்க, கடையில வழக்கமா காட்டுற சைஸை எல்லாம் ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.

205/55 ஆர்16 தான் எல்லாரும் முதல்ல சொல்றது, ஏன்னா விர்ட்டஸ், ஸ்லாவியாவுக்கெல்லாம் அதே சைஸ்ங்கிறதால எந்தக் கடையிலயும் கிடைக்கும், பிராண்டும் நிறைய. உயரம் 632, அதாவது 1.8 சதவீதம் கூட. வண்டி அஞ்சரை மில்லிமீட்டர் மேல நிக்கும். இது ஓகே ரகம், உள்ள எங்கயும் உரசலைன்னா தாராளமா போடலாம். 205/50 ஆர்16 போட்டா உயரம் 611, ஒன்றரை சதவீதம் குறைவு, கியர் கொஞ்சம் சுருக்கமாகி ஏத்தத்துல வண்டி சுறுசுறுப்பாகும், ஆனா அஞ்சு மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் போகும், அதைவிட இந்த சைஸ்ல நல்ல டயர் கிடைக்கிறதே கஷ்டம். 215/50 ஆர்16 கணக்குப்படி பார்த்தா அச்சு அசலா 621, காகிதத்துல ரொம்ப அழகா இருக்கும், கடையில தேடினா கிடைக்காது, கிடைச்சாலும் கம்பெனி ரிம்முக்கு அது அகலம் ஜாஸ்தி. 215/55 ஆர்16 னு யாராவது சொன்னா உடனே வேண்டாம்னு சொல்லிருங்க, 643 மி.மீ, மூன்றரை சதவீதம் கூட. அப்புறம் 17 இன்ச் ஆசை. 205/45 ஆர்17 உயரம் 616, 215/45 ஆர்17 உயரம் 625, ரெண்டுமே ஒரு சதவீதத்துக்குள்ள வந்துருது. உயரக் கணக்குல ரெண்டும் பாஸ். ஆனா அதுல வேற கணக்கு இருக்கு.

என் அக்கா பையன் அருவங்காடு பக்கம் இருக்கான், அவனுக்கு இந்த 215/45 ஆர்17 மேலதான் கண்ணு. "மாமா, உயரம் கரெக்டா வருதே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். நான் அவனைப் பக்கச் சுவர் உயரத்தைக் கணக்குப் போடச் சொன்னேன். 215-ல 45 சதவீதம், 96.75 மி.மீ. ஏற்கனவே இருந்தது 107.25. பத்தரை மில்லிமீட்டர் போச்சு. 205/45 ஆர்17 போட்டா 92.25 தான், பதினஞ்சு போச்சு. அந்தப் பதினஞ்சு மில்லிமீட்டர் என்ன வேலை பண்ணிட்டிருந்துச்சுன்னு நம்ம ரோட்டைப் பார்த்தாத்தான் புரியும்.

குன்னூர் ரோட்டுல எதிர்ல பஸ் வருது, நீங்க இறங்குறீங்க, ஏறுற வண்டிக்கு வழி விடணும், இடது பக்கம் ஒதுங்குறீங்க. அங்க தார் முடியிற இடத்துல ஒரு வெட்டு இருக்கும், மழை தண்ணி அரிச்சு அரிச்சு தார் ஓரம் கத்தி மாதிரி நிக்கும், அதுக்குக் கீழ மண்ணு, மண்ணுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் ஓடை. முன் சக்கரம் அந்த வெட்டுல இறங்கி, பஸ் போன பிறகு ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிச்சு மேல ஏத்தும்போது டயரோட பக்கச் சுவரு அந்தத் தார் ஓரத்துல உரசிக்கிட்டே ஏறும். சுவரு உயரமா இருந்தா அது அமுங்கி வளைஞ்சு ஏறிரும். சுவரு குட்டையா இருந்தா அமுங்குறதுக்கு இடம் இல்ல, அடி நேரா ரிம்முக்குப் போகும், நடுவுல மாட்டின ரப்பர் உள்ள நூல் அறுந்துரும். ரெண்டு நாள் கழிச்சு பார்த்தா பக்கச் சுவர்ல ஒரு புடைப்பு. அந்த டயரை பஞ்சர் கடையில ஒட்ட முடியாது, ஓட்டவும் கூடாது, தூக்கித்தான் போடணும். அலாய் ரிம்மு உதடு வளைஞ்சா காத்து மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும், அதை நெளிவெடுக்க மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்னு அலையணும். மழை பெய்யுற நவம்பர், டிசம்பர்ல இந்தப் பக்கம் ரோடு எந்த லட்சணத்துல இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

கூடவே எடை. பெரும்பாலான சமயம் கடையில வாங்குற 17 இன்ச் அலாய் கம்பெனி 16 இன்ச்சை விட எடை கூடத்தான் இருக்கும். சக்கரத்துல கூடுற எடை சீட்டுல கூடுற எடை மாதிரி இல்ல, அதைச் சுத்தவும் வைக்கணும், நிறுத்தவும் வைக்கணும், குழியில இறங்கினா சஸ்பென்ஷன் அதைத் தூக்கிப் பிடிக்கவும் வேணும். கொண்டை ஊசிக்கு கொண்டை ஊசி நிறுத்தி இழுக்கிற ரோட்டுல இது நல்லாவே தெரியும். ஸ்பெசிஃபிகேஷன்ல ஒரு கிலோ ரெண்டு கிலோ வித்தியாசம் வந்தாலும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, அதுக்குன்னு ஒரு தராசுல வச்சுப் பார்க்கச் சொன்னாலும் கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.

அகலம் பத்தி ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள இருக்கு, அகலமா இருந்தா ரோட்டைத் தொடுற ரப்பர் ஜாஸ்தி, அதனால பிடி ஜாஸ்தின்னு. முழுசா அப்படி இல்ல. டயர் ரோட்டைத் தொடுற இடத்தோட பரப்பை முக்கியமா முடிவு பண்றது ரெண்டு விஷயம், மேல உக்கார்ற எடையும் உள்ள இருக்கிற காத்து அழுத்தமும். அதே எடை அதே அழுத்தம்னா அகலமான டயர்லயும் பரப்பு பெருசா மாறாது, வடிவம்தான் மாறும், நீளவாக்குல இருந்தது அகலவாக்குல விரியும். அதனால வளைவுல பக்கவாட்டுப் பிடியும் ஸ்டீயரிங் பதிலும் நல்லா இருக்கும், அது உண்மை, மறுக்கல. ஆனா 195-ல இருந்து 205 போறதால கிடைக்கிற வித்தியாசம் சின்னது. அதே 195-லயே சாதா டயருக்கும் நல்ல ஸ்போர்ட்டி ரப்பர் டயருக்கும் உள்ள வித்தியாசம் அதை விடப் பெருசு, அதுவும் ஈர ரோட்டுல. தேங்கி நிக்கிற தண்ணியில வேகமாப் போனா அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும், நம்ம மலையில 30, 40-ல போறதால அது பெரும்பாலும் வராது, கீழ இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை பக்கம் மழையில 90-ல போகும்போதுதான் அது பிரச்சினை.

மலையில உண்மையான எதிரி வேற. ராத்திரி பனி படிஞ்ச ரோடு, அது மேல கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையும் பட்டையும் உதிர்ந்து ஒட்டிக் கிடக்கும். கேத்தி, கொலக்கம்பை பக்கம் கேரட் கழுவி ஏத்தின லாரி வழியெல்லாம் தண்ணி சொட்டிகிட்டே இறங்கும், அந்தத் தண்ணி சரியா வளைவு உள்பக்கம் ஒரு கோடு மாதிரி ஓடி செம்மண்ணோட குழைஞ்சு கிடக்கும். வெயிலே படாத வளைவுல பாசி. இங்கெல்லாம் காப்பாத்துறது 10 மில்லிமீட்டர் அகலம் இல்ல, குளிர்ல இறுகாத ரப்பரும், டயர் மேல இருக்கிற ரப்பர் கட்டைங்க, அதாவது பட்டன், நல்ல ஆழமா இருக்கிறதும்தான். நம்ம ஊர்ல விக்கிற டயர் எல்லாம் வெயிலுக்குச் செஞ்ச ரப்பர், 7 டிகிரிக்குக் கீழ போனா அது இறுகிப் பிடி குறைய ஆரம்பிக்கும். ஜனவரி காலையில தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும், அந்த நேரத்துல எந்த டயருமே அரைத் தூக்கத்துலதான் இருக்கும், முதல் அஞ்சாறு கிலோமீட்டர் மெதுவாத்தான் போகணும். ரொம்ப நாள் உழைக்கிற கடின ரப்பர் டயர்ல இந்தக் கஷ்டம் இன்னும் கூட. சில டயர்ல பக்கச் சுவர்லயே டிரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும், 500, 600 னா நீண்ட நாள் தாங்கும், 300 பக்கம்னா மென்மை, பிடி ஜாஸ்தி, சீக்கிரம் தேயும். அந்த நம்பரை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதிச்சுப் போடுறதால ரெண்டு கம்பெனிக்கு நடுவுல அப்படியே ஒப்பிட முடியாது, ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்கு நடுவுல ஒப்பிட்டா உபயோகமா இருக்கும். அதே இடத்துல டிராக்ஷன்னு ஏஏ, ஏ, பி, சி னு ஒரு எழுத்து இருக்கும், ஈர ரோட்டுல நேரா பிரேக் பிடிக்கிற திறமைக்கு அது, ஏஏ தான் மேல.

சைஸுக்குப் பின்னாடி இன்னொரு நம்பரும் எழுத்தும் இருக்கும், 87வி மாதிரி, இதைப் பார்க்காம வாங்குறவங்கதான் அதிகம். 87 ங்கிறது எடைக் குறியீடு, ஒரு டயர் 545 கிலோ தாங்கும்னு அர்த்தம். 91 னா 615 கிலோ, 84 னா 500 கிலோ. வி ங்கிறது வேகம், 240 கி.மீ வரைக்கும், எச் னா 210, டி னா 190. நாம 240-ல போகப் போறது இல்லதான், ஆனா அந்த எழுத்து டயரு எவ்வளவு சூட்டைத் தாங்கிக் கட்டுக்கோப்பா நிக்கும்னும் சொல்லுது, அதனால கம்பெனி கொடுத்ததுக்குக் கீழ போகாதீங்க. எடைக் குறியீட்டுல ஒரு பொறி இருக்கு பாருங்க, 205/45 ஆர்17 சாதா டயர்ல 84 தான் வரும், 195/55 ஆர்16-ல இருந்த 87-ஐ விடக் கம்மி. டயர் பெருசாயிடுச்சுன்னு நினைச்சு வாங்கிட்டு டயருக்கு 45 கிலோ தாங்குற சக்தியை இழந்துருவீங்க. அஞ்சு பேரு, பின்னாடி மூட்டை முடிச்சு, இறக்கத்துல பிரேக் பிடிச்சா எடை முழுக்க முன்னாடி சாயும், அந்த நேரத்துல முன் டயர் ரெண்டும் எவ்வளவு சுமக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த சைஸ் தான் வேணும்னா எக்ஸ்எல் னு போட்ட பலப்படுத்தின டயரைக் கேளுங்க, அதுல 88 வரும்.

ரிம் அகலமும் பார்க்கணும். ரிம்முக்கு உள்பக்கம் 6ஜே, 6.5ஜே னு பொறிச்சிருக்கும், அது இன்ச் கணக்குல அகலம். 6 இன்ச் அகல ரிம்முல 195-ம் 205-ம் வசதியா உக்காரும், 215/45-க்கு 7 இன்ச் வேணும். குறுகின ரிம்முல அகல டயரை ஏத்தினா சுவரு உள்வாங்கி உப்பலா நிக்கும், வளைவுல வண்டி ஒரு நொடி லேட்டாத் திரும்புற மாதிரி ஆடும், அகலமாப் போட்ட காரணமே வீணாப் போயிரும். ரிம்மே மாத்துறீங்கன்னா போல்ட் துளை வட்டம், நடுத் துளை, ஆஃப்செட் மூணும் சரியா இருக்கணும். ஆஃப்செட்ங்கிறது சக்கரம் வண்டிக்கு உள்ள தள்ளி உக்காருதா வெளிய தள்ளி உக்காருதான்னு சொல்ற நம்பர், இடி (ET) னு போட்டு எழுதியிருக்கும். இடி நம்பர் 10 குறைஞ்சா சக்கரம் 10 மி.மீ வெளிய தள்ளும், மட்கார்டுல உரசும், வீல் பேரிங்குக்கும் சுமை மாறும்.

உரசுதா இல்லையான்னு பார்க்கிறதுக்குக் கடை வாசல்ல சும்மா ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தா பத்தாது. சமதளத்துல ஆளில்லாம நிக்கிற வண்டியில எதுவுமே உரசாது. கொண்டை ஊசியில ஸ்டீயரிங் முழு ஒடிப்புல இருக்கும், உள்பக்க சக்கரம் வெளிப்பக்க சக்கரத்தை விடக் கூடுதலாத் திரும்பும், வெளிப்பக்கம் சஸ்பென்ஷன் அமுங்கும், வண்டியில நாலு பேரு இருப்பாங்க, எல்லாம் ஒரே நேரத்துல நடக்கும். அதனால புது டயரை மாட்டினதும் முன் மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக் முழுக்க ஒரு கை சாக்பீஸ் பூசிட்டு, ஆளுங்களை ஏத்திகிட்டு ரெண்டு கொண்டை ஊசி ஏறி இறங்கிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சாக்பீஸ் அழிஞ்சிருந்தா உரசுதுன்னு அர்த்தம். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவுல விரல் போகுதான்னும் பாருங்க, அதே ரிம்முல 195-க்கு 205 போட்டா உள்பக்கம் 5 மி.மீ வெளிப்பக்கம் 5 மி.மீ வரும், அதுக்கு இடம் இருக்கணும்.

முன்னாடி ரெண்டுக்கு ஒரு சைஸ், பின்னாடி ரெண்டுக்கு ஒரு சைஸ்னு கலக்காதீங்க. பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பார்க்கிற ஏபிஎஸ், வண்டி சறுக்காம பார்க்கிற ஈஎஸ்பி எல்லாம் நாலு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்துதான்னு எண்ணிப் பார்த்துத்தான் வேலை செய்யுது, உயரம் வேற வேறயா இருந்தா அதுக்குக் குழப்பம். பட்ஜெட் இடிச்சா நாலையும் மாத்தாம ரெண்டு மட்டும் மாத்துவோம், அப்ப புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னாடிதானே புதுசு வேணும்னு கடையிலயே வாதாடுவாங்க. முன்னாடி வழுக்கினா வண்டி நேராப் போகும், காலை எடுத்தா பிடிச்சுக்கும், ஓட்டுறவங்களுக்கு அது கைவசப்படும். ஈரமான இறக்க வளைவுல பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திரும், அந்தப் பக்கம் பள்ளம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வர்ற 14 கொண்டை ஊசியில எதுல வேணா இதை யோசிச்சுப் பாருங்க. ஸ்டெப்னி பழைய சைஸ்லயே இருக்கும், 2 சதவீத வித்தியாசம்னா பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா ஓட்டிப் போக ஒண்ணும் ஆகாது, அதுலயே நாள் கணக்கா சுத்தாதீங்க.

காத்து விஷயத்துல மலைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. காத்து மீட்டர் காட்டுறது டயருக்கு உள்ள இருக்கிற அழுத்தத்துக்கும் வெளிய இருக்கிற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. மேட்டுப்பாளையத்துல 33 அடிச்சுட்டு ஊட்டி ஏறினா வெளிக்காத்தோட அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ குறைஞ்சுருது, அதனால மீட்டர் 36 காட்டணும். ஆனா மேல குளிர், கீழ 35 டிகிரி, மேல 15 டிகிரி, அந்தக் குளிர்ல உள்காத்து சுருங்கி 3 பிஎஸ்ஐ இறங்கிரும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி மீட்டர் மறுபடி 33 பக்கமே நிக்கும். அதனால ஏறினதும் காத்தைப் பிடுங்கவும் வேணாம், இறங்கினதும் ஏத்தவும் வேணாம். ஜனவரி விடியக்காலையில 3 டிகிரியில மட்டும் அது 31-க்கு இறங்கியிருக்கும், அப்ப ரெண்டு பாயிண்டு ஏத்திக்கலாம். இறங்கி வந்ததும் பிரேக் சூட்டுல ரிம்மும் டயரும் கொதிக்கும், மீட்டர் 37, 38 காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காத்தை எடுத்து விட்டுறாதீங்க, ஆறினதும் கம்மியாயிரும். எவ்வளவு காத்துன்னு டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பேர் ஏறினா எவ்வளவுன்னு தனித்தனியாப் போட்டிருக்கும்.

சைஸ் முடிவானதும் கடைக்குப் போனா பக்கச் சுவர்ல நாலு இலக்க நம்பரைப் பாருங்க, 2325 னா 2025-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். மலையில கடை ஸ்டாக் மெதுவாத்தான் நகரும், அதிகம் போகாத சைஸ்னா ரெண்டு வருஷமா ரேக்குல கிடந்ததைத் தூசி தட்டிக் கொடுப்பாங்க, கொஞ்சம் பொறுத்தா கோயம்புத்தூர்ல இருந்து புதுசா வரவழைச்சும் கொடுப்பாங்க. உங்க வண்டியோட ஏதாவது ஒரு வேரியண்ட்ல கம்பெனியே கொடுத்த சைஸா இருந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம்ல கேள்வி வர்ற வாய்ப்பு கம்மி, போலோவுல ஆரம்பத்துல 185/60 ஆர்15 வந்த இடத்துல பின்னாடி 195/55 ஆர்16 கம்பெனியே கொடுத்தாங்க, ஆனா அது கிட்டத்தட்ட 3 சதவீதம் உயரம் கூடுறது, மலைக்கு நான் சொன்ன 2 சதவீத எல்லையைத் தாண்டிருது, அதையும் யோசிச்சுக்கோங்க. அதுக்கு வெளிய போறீங்கன்னா இன்சூரன்ஸ்காரங்க கிட்ட எழுத்துல தெரிவிச்சு வச்சுக்கோங்க.

அக்கா பையன் கடைசியில அதே 195/55 ஆர்16-லயே கொஞ்சம் விலை கூடின மென்மையான ரப்பரா எடுத்துக்கிட்டான், 17 இன்ச் ரிம்முக்கு வச்சிருந்த காசுல நாலு டயரும் வந்து மிச்சமும் ஆச்சு. புது டயர் மேல அச்சுல இருந்து பிரியறதுக்குத் தடவின வழவழப்பு இருக்கும், முதல் 200, 300 கிலோமீட்டர் வரைக்கும் ஈர ரோட்டுல நம்பி ஒடிக்கக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லியிருக்கேன், உங்களுக்கும் அதேதான். அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் மாட்டுற அன்னைக்கே பண்ணிருங்க. 8,000 கிலோமீட்டர் பக்கம் வந்ததும் முன்பின் மாத்துங்க, கொண்டை ஊசியில தினமும் ஒடிச்சு ஒடிச்சு முன் டயர் வெளி ஓரம்தான் முதல்ல தேயும், நடு பட்டன் புதுசு மாதிரி இருக்கும்போதே ஓரம் மொட்டையாயிரும், அதனால தேய்மானம் பார்க்கும்போது நடுவுல பார்க்காம, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு நிறுத்திட்டு வெளி ஓரத்தைத் தடவிப் பாருங்க.